நீலச் சட்டை

என் வேலை, கேமராவுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது. ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலை. பீங்கானில் செய்த வெள்ளைக் கைகள் விரல்களைக் கீழே தொங்கப்போட்டபடி சங்கிலியில் வரிசையாக நகர்ந்து வரும். அவற்றின்மேல் பால் படிந்து, காய்ந்து, கையுறையாக உரிக்கப்படுவதற்கு முன் என் கேமரா ஒவ்வொன்றையும் படம் பிடிக்கும். கிழிசலா, கறையா, இல்லை வெறும் நிழலா என்று அது முடிவு செய்ய வேண்டும். சந்தேக வரம்பை இறக்கி வைத்தால் சின்ன நிழலைக்கூடக் கறை என்று தள்ளிவிடும். ஏற்றி வைத்தால் ஓட்டைக் கையுறை தப்பித்துப் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைத் தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். எங்கள் தொட்டியில் இருப்பது இப்போது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கைப் பால் என்று சொன்னபோது, "மரமே இல்லாம பாலா? அப்புறம் அதுக்கு எதுக்குடா பாலுன்னு பேரு?" என்றார். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையே ஒருவகையில் அந்தக் கேள்விதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு இரவு ஷிப்டில் என் மடிக்கணினிப் பை காணாமல் போனது. கார் நிறுத்தும் இடத்துக்கு வந்து பின்கதவைத் திறந்தேன், பை இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்பு மாடிச் சன்னல் வழியாக அதே காரின் பக்கத்தில் ஒருவர் குனிந்து எழுந்ததைப் பார்த்திருந்தேன். நீலச் சட்டை. எங்கள் இடத்தில் நீலச் சட்டை என்றால் ஒப்பந்தத் தொழிலாளி. பெரும்பாலும் நேப்பாளத்துக்காரர் அல்லது வங்காளதேசத்துக்காரர். காவலரிடம் போய், "அந்த நீலச் சட்டைக்காரன்தான் எடுத்திருக்கான்" என்றேன். எடுத்திருக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் ஓய்வுக்கு வெளியே போனவர் யார் என்று பார்த்து அவரைக் கூட்டிவந்தார்கள். அவர் ஷூ கயிறு கட்டக் குனிந்ததாகச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. ஆறேழு பேர் முன்னால் அவருடைய லாக்கரைத் திறந்தார்கள். அரைப் பாக்கெட் பிஸ்கட், ஒரு தைலப் புட்டி, ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றிய பணம் அனுப்பிய ரசீதுகள், ஒரு சார்ஜர். அவர் கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். கால் மணி நேரம் கழித்து நான்காவது வரிசையிலிருந்து ஃபோன் வந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே ஒரு பை இருக்கிறதே, உன்னுடையதா என்று. நானே வைத்தது. வைத்துவிட்டு மறந்தது.

"சோரி" என்றேன். "தாக் அப்பா, போஸ்" என்றார். பரவாயில்லை. மூன்று மாதத்தில் அவருடைய ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நண்பர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் "தப்பா நெனச்சிட்டேன்" என்றுதான் சொல்லி வந்தேன். அது பொய். நான் நினைக்கவே இல்லை. நினைத்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன். நான் பார்த்தேன். அதைவிட மோசம், சன்னலிலிருந்து பார்த்தபோது அவர் வெறுமனே குனிந்த ஓர் ஆள். பை இல்லை என்று தெரிந்த நொடியில்தான் அரை மணி நேரம் பழைய அந்தக் காட்சி தானாக மாறிப்போனது. குனிந்தவர் பதுங்கியவர் ஆனார். நிமிர்ந்தவர் சுற்றும் முற்றும் பார்த்தவர் ஆனார். அப்படி அவர் பார்த்ததாக இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது நடக்கவில்லை என்பதும் தெரியும்.

தவறாகப் பார்ப்பது குற்றமா? பொய் சொல்வது செயல், அடிப்பது செயல். பார்ப்பது செயலா, இல்லை நமக்கு நேர்வதா? நேர்வது என்றால் நான் வெயிலில் கண் கூசியவனைப் போல. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம். எனக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. பௌத்தத்தில் அது கிடைக்கும் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஞானம் தேடிப் போகவில்லை.

*

ஈப்போவில் பௌத்தத்துக்குப் பஞ்சமில்லை. குனோங் ராப்பாட் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகளுக்குள் சாம் போ தோங், கெக் லோக் தோங். வடக்கே கோலாகங்சார் சாலையில் 1926இல் தொடங்கிய பேராக் தோங். சின்ன வயதில் ஆமைக்குக் கீரை போடத்தான் போவோம். குகைக்குள் ஒரு சீனத் தாத்தா டார்ச் அடித்து, சுவரில் யானையையும் குவான் யின்னையும் காட்டியது ஞாபகம் இருக்கிறது. காட்டும்வரை அது சொட்டிச் சொட்டி இறுகிய சுண்ணாம்பு. காட்டிய பிறகு யானையைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது. எத்தனை தடவை போனாலும் யானைதான்.

வார இறுதியில் ஒரு தியான மையத்துக்குப் போக ஆரம்பித்தேன். பர்மாவின் மகாசி சயாடோ பரப்பிய முறை. மூச்சில் வயிறு எழுந்தால் எழுகிறது என்றும் தணிந்தால் தணிகிறது என்றும் மனத்துக்குள் குறித்துக்கொள்ள வேண்டும். சத்தம் கேட்டால் கேட்கிறது. கால் வலித்தால் வலிக்கிறது. வெளியே சாலையில் மோட்டார் சைக்கிள் போனது. நான் "மோட்டார், மோட்டார்" என்று குறித்தேன். நேர்காணலில் அங்கிள் சிரித்தார். "மோட்டார் எங்கே வந்தது? சத்தம்தானே வந்தது?" என்று மலாயில் கேட்டார்.

மோட்டார் எங்கே வந்தது என்பதற்குப் பௌத்தத்தில் ஒரு சொல் இருக்கிறது. பாலியில் சஞ்ஞா. மனிதன் என்று நாம் சொல்வதை ஐந்து குவியல்களாகப் பிரிக்கும்போது மூன்றாவதாக வருவது. மணிமேகலையின் கடைசிக் காதை இந்த ஐந்தையும் தமிழில் அடுக்குகிறது: உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு. சஞ்ஞாவின் இடத்தில் நிற்பது குறிப்பு. எவ்வளவு நல்ல சொல்! இன்று நாம் புலனுணர்வு, புலக்காட்சி என்றெல்லாம் கஷ்டப்படுகிறோம். குறிப்பு என்றால் அடையாளம், ஜாடை, எழுதி வைத்துக்கொள்வது எல்லாமே. ஆறு வருடம் கேமரா வேலை பார்த்த எனக்கு இதைவிடத் துல்லியமான சொல் தெரியாது. கேமரா செய்வதும் குறிப்புத்தான்.

ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமக்கத்தை எழுதிய புத்தகோசர், தன் உரை ஒன்றில் காஞ்சியில் தங்கியிருந்ததைக் குறிப்பிடுகிறார். அவர் சஞ்ஞாவை விளக்கும்போது தச்சர்களை அழைத்து வருகிறார். தச்சர் மரத்தில் ஒரு குறி போட்டு வைக்கிறார், மறுபடி பார்க்கும்போது 'அதே மரம்தான்' என்று அறிவதற்காக. சஞ்ஞாவின் வேலையும் அதுதான். கூடவே இன்னொரு உவமை: வயலில் நிற்கும் புல் பொம்மையை மனிதன் என்று பார்த்து மிரளும் மான்குட்டி. தச்சரின் குறியும் மான்குட்டியின் பயமும் ஒரே விளக்கத்துக்குள் அடுத்தடுத்து வருகின்றன. அடையாளம் கண்டுகொள்கிற அதே திறன்தான் ஏமாறவும் செய்கிறது. சரியாகப் பார்க்க ஒரு கருவியும் தப்பாகப் பார்க்க வேறொரு கருவியும் நம்மிடம் தனித்தனியாக இல்லை.

எனக்கு உடனே பிடித்துப்போனது. ஆகா, இதுதான் மன்னிப்பு என்று நினைத்தேன். நான் மான்குட்டி, அவ்வளவுதான். மேலும் பௌத்தத்தில் கர்மம் என்பது சேதனை, அதாவது உள்நோக்கம். அந்த மனிதரைக் கெடுக்கும் நோக்கம் எனக்குத் துளியும் இல்லை. கணக்கு முடிந்தது.

முடியவில்லை. இலவசமாக அடுக்கி வைத்திருந்த புத்தகங்களுக்கு நடுவில் இலங்கைத் துறவி கடுகுருந்தே ஞானானந்தர் 1971இல் கண்டியிலிருந்து வெளியிட்ட ஒரு புத்தகம் இருந்தது. மச்சிம நிகாயத்தின் மதுபிண்டிக சுத்தத்தில் வரும் ஒரு சின்ன இலக்கண மாற்றத்தை அவர் அதில் பிடித்துக்கொள்கிறார். அந்த சுத்தம், பார்வை நிகழும் விதத்தைப் படிப்படியாகச் சொல்கிறது. கண்ணும் உருவும் சேர்கின்றன, கண்ணறிவு எழுகிறது, மூன்றும் கூடுவது தொடுகை, தொடுகையால் நுகர்ச்சி. இதுவரை எல்லாம் தானாக நடக்கிறது, மழை பெய்வது மாதிரி. செய்கிற ஆள் யாரும் இல்லை. அடுத்த படியில் வாக்கியம் சட்டென்று திரும்புகிறது. எதை நுகர்கிறானோ அதைக் குறிக்கிறான், குறித்ததைப் பற்றி எண்ணுகிறான், எண்ணியதைப் பெருக்குகிறான் என்று ஓர் ஆள் உள்ளே வந்துவிடுகிறான். பிறகு இன்னொரு திருப்பம். பெருக்கியவை எல்லாம் சேர்ந்து அவனையே வந்து அமுக்குகின்றன.

நடப்பது, செய்வது, செய்தவனை மூடுவது. இதில் செய்வினை ஆரம்பிக்கும் இடம் சஞ்ஞா. நான் தேடிப்போன மன்னிப்பு அந்த வினைச்சொல்லில் கழன்று விழுந்தது.

அபிதம்மத்துக்குள் போனால் இன்னும் சிக்கல். (இந்தப் பகுதி பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம், எனக்கு இது கணினி நிரல் படிப்பது போல இருந்தது.) ஒவ்வொரு சித்தத்திலும் தவறாமல் கூடவே எழும் ஏழு காரணிகளை அது பட்டியலிடுகிறது. சஞ்ஞா அதில் ஒன்று. சேதனையும் அதில் ஒன்று. அதாவது, முதலில் வெறுமனே குறித்தேன், பிறகுதான் நோக்கம் வந்தது என்று வரிசை போட முடியாது. இரண்டும் ஒரே மூச்சில் எழுகின்றன. ஆனால் எல்லாச் சேதனையும் புதுக் கர்மமாகக் கணக்கில் வராது. கண்வாசலில் நிகழும் பார்வை நிறத்தை மட்டும்தான் பார்க்கிறது. அதற்குப் பின்னால் மனவாசலில் அலை அலையாக எழும் தொடர்களில்தான் வடிவமும் பெயரும் பொருளும் கூடுகின்றன. அந்தத் தொடர்களில் ஜவனம் என்று ஓர் ஓட்டம் உண்டு, வழக்கமாக ஏழு கணம். நல்லதோ கெட்டதோ விளைவது அங்கே.

கண் பார்த்தது நீலம். திருடனைக் கண் பார்க்கவில்லை. மாடிச் சன்னலுக்கும் கார் கதவுக்கும் நடுவில், அரை மணி நேரம் கழித்து, மனவாசலில் அந்த நீலத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டியது நான். ஒவ்வொரு ஓட்டத்திலும் கை வைத்திருக்கிறேன்.

*

பாட்டியின் கதைக்கு வருகிறேன்.

பொழுது விடியும் முன்பே பிரட்டுக்குப் போய்விட்டு, நெற்றி விளக்கோடு காட்டுக்குள் இறங்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பாட்டியின் நிரையில் ஏறக்குறைய 500 மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கச் சரிவுக்கு, பழைய வெட்டின்மேல் பட்டையை மெல்லிசாகச் சீவி எடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர். கொஞ்சம் ஆழமாகப் போனால் காயம். காயப்பட்ட பட்டை திரும்ப வளரும்போது முண்டு முண்டாக வளரும். அப்புறம் அந்த இடத்தில் வெட்ட முடியாது. மண்டோர் வந்து காயத்தை எண்ணிப் பார்த்துத் திட்டுவார்.

விளக்கு வெளிச்சத்தில் தெரிவது ஒரு முழத்துப் பட்டை மட்டும்தான். ஆனால் பாட்டிக்கு எந்த மரம் என்று தெரியும். சிலதுக்குப் பெயரே வைத்திருந்தாராம். இரண்டு தண்டாகப் பிரிந்தது ரெட்டச்சி. மங்கு நிறையாமல் இழுத்தடிப்பது கஞ்சன். மழை வந்தால் முதலில் ஒழுகும் ஒன்று அழுவாச்சி. "எல்லா மரமும் ஒண்ணுமாதிரிதானே பாட்டி இருக்கும்?" என்று கேட்டேன். "ஒனக்கு ஒண்ணுமாதிரி. நாளு விட்டு நாளு அது மேல கைய வச்சவளுக்கு எப்படிடா ஒண்ணாவும்?"

இதைக் கேட்ட பிறகு எனக்கு அங்கிளின் முறை வேறு மாதிரி புரிந்தது. பெயரில்லாமல் பார், குறிப்பில்லாமல் பார் என்பதுதான் தியானம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உதானத்தில் வரும் பாகியன் கதை அப்படித்தான் நம்ப வைக்கிறது. மரப்பட்டை ஆடைக்காரர் ஒருவர் வெகுதூரம் நடந்து வந்து, பிச்சைக்குப் போய்க்கொண்டிருந்த புத்தரை வழியில் மறித்து உபதேசம் கேட்கிறார். கண்டதில் கண்டது மட்டும் இருக்கட்டும், கேட்டதில் கேட்டது மட்டும் என்ற கருத்தில் புத்தர் சொல்ல, அவர் அங்கேயே விடுதலை அடைகிறார். கொஞ்ச நேரத்தில் கன்றோடு வந்த ஒரு பசு முட்டிச் செத்தும் போகிறார். கதை அழகு. ஆனால் மகாசி முறை குறிப்பை விடச் சொல்லவில்லையே! இன்னும் கவனமாகக் குறி என்றல்லவா சொல்கிறது? நோயில் கிடந்த கிரிமானந்தருக்கு ஆனந்தர் மூலமாக புத்தர் சொல்லி அனுப்பிய பத்துப் பயிற்சிகளும் சஞ்ஞா என்ற பெயரில்தான் வருகின்றன. நிலையாமைக் குறிப்பு, தானின்மைக் குறிப்பு என்று. விசுத்திமக்கம் சதிக்கு, அதாவது விழிப்புக்கு, அருகிலுள்ள காரணம் உறுதியான சஞ்ஞா என்கிறது. குறிப்பு உறுதியாக இல்லையென்றால் விழிப்பே கிடையாது.

ஆக, ரெட்டச்சி என்பதும் குறிப்பு, திருடன் என்பதும் குறிப்பு. பாட்டி பெயர் வைத்தது ஆயிரம் தடவை தொட்ட பிறகு. நாளைக்கு அந்தக் கஞ்சன் மங்கை நிறைத்துவிட்டால் சிரித்துக்கொண்டே பெயரை மாற்றியிருப்பார். என் குறிப்பு நான் பிறக்கும் முன்பே எங்கோ எழுதி வைக்கப்பட்டு எனக்காகக் காத்திருந்தது மாதிரி இருந்தது.

எங்கே எழுதியிருந்தது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது என் மேலும் ஒட்டப்பட்ட ஒன்று. கம்பாரில் படிப்பை முடித்து ஈப்போவில் அறை தேடிய மாதத்தில், ஃபோனில் நன்றாகப் பேசிய வீட்டுக்காரர் நேரில் என்னைப் பார்த்ததும், "ஓ, நேற்றே ஆள் வந்தாச்சே" என்றார். மறுநாள் அதே விளம்பரம் அப்படியே இருந்தது. இப்படி மூன்று வீடுகள். இந்தியன் என்றால் வாடகை ஒழுங்காகக் கட்ட மாட்டான், குடிப்பான், சத்தம் போடுவான். அவரும் நினைக்கவில்லை, பார்த்தார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வலியை அனுபவித்தவன் இன்னொருவருக்கு அதைச் செய்ய மாட்டான் என்றுதான் நான் என்னைப் பற்றி நம்பிக்கொண்டிருந்தேன். பாதிக்கப்படுவது யாருக்கும் எதையும் தானாகக் கற்றுக்கொடுப்பதில்லை போலும். என் சட்டை வெள்ளையானதும் நான் சன்னலுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

*

காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவை இலக்கணம் 29ஆம் காதையில் இருக்கிறது. திக்நாகர் வழி வந்த பௌத்தத் தர்க்கம். அறிவதற்கு வழிகள் இரண்டே, காட்சியும் கருத்தும். காட்சி எது என்பதற்கு அந்தக் காதை சுட்டுணர்வு என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. பெயர், சாதி, குணம், செயல் இவற்றையெல்லாம் ஒட்டுவதற்கு முந்திய வெறும் சுட்டல். ஒட்டிவிட்டால் அது காட்சி இல்லை.

சாதி என்ற சொல்லைப் பார்த்ததும் என் மனம் வேறெங்கோ ஓடிவிட்டது. அங்கே அதற்குப் பொருள் இனப்பொதுமை. மாடு என்பது ஒரு சாதி, குடம் என்பது ஒரு சாதி, அவ்வளவுதான். ஆனால் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்தச் சொல் அப்படி மட்டும் கேட்காது. புதுசாக லயத்துக்கு யாராவது வந்தால் அவர் முகத்தைப் பார்க்கும் முன்பே "நீங்க எந்த ஆளுங்க" என்று கேட்டுவிடுவார்கள் என்று அப்பா சொல்வார். செம்பனை வந்து, லயம் போய், எல்லோரும் தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் கல்யாணப் பேச்சில் அந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது.

இங்கே இன்னொரு சிக்கல். எல்லாப் பெயரும் வெறும் குறிப்புத்தான், கானல்நீர்தான் என்று சொல்லிவிட முடியுமா? சஞ்ஞாவைக் கானலுக்கு ஒப்பிடுவது பௌத்தமே செய்வதுதான். ஆனால் அதை யார் யாரிடம் சொல்கிறார்?

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில். மக்கள் முனியப்பனாகக் கும்பிட்டு வந்த சிலை அது. புத்தர் சிலை என்று வழக்குப் போனது. தொல்லியல் துறை ஆய்வு செய்தது. தாமரைப் பீடம், மடியில் தியான நிலையில் கைகள், சுருள்முடி, நீண்ட காதுகள். வெட்டுப்பட்ட தலையைத் திரும்ப ஒட்டிய தடயம். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அது புத்தர்தான், தொடர்ந்து முனியப்பனாக நடத்துவது சரியல்ல என்று சொல்லி, இடத்தைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கச் சொன்னது.

செய்தியைப் படித்ததும் எனக்கு எங்கள் தோட்டத்து முனியாண்டி ஞாபகம் வந்தார். எல்லையில் ஒரு மரம், அடியில் ஒரு கல், கல்லில் வெள்ளிக் கண்மலர், ஒட்டிய மீசை. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோதும் அந்த மரத்தை மட்டும் யாரும் வெட்டவில்லை. சின்ன வயதில் அதில் நான் கல்லைப் பார்த்ததே இல்லை. கோபக்காரத் தாத்தா ஒருவரைத்தான் பார்த்தேன். இதுவும் நடந்திருக்கலாம் இல்லையா? இந்தப் பேராக் மண்ணுக்கு அடியிலும் புத்தர்கள் இருந்திருக்கிறார்கள். 1936இல் பீடோரில் ஓர் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகளுடைய அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை கிடைத்தது. ஈயம் தேடித் தோண்டியவர்களுக்கு அது கையில் முதலில் தட்டுப்பட்டபோது என்னவாகத் தெரிந்திருக்கும்?

பாட்டியிடம் சேலத்துக் கதையைச் சொன்னேன். "யாரா இருந்தா என்னாடா, இத்தன வருசம் அவருதானே நம்மளப் பாத்துக்கிட்டாரு" என்றார். மயங்கிவிட்டேன். இதுதான் பௌத்தம், பெயரைக் கடந்த பார்வை என்று முகநூலில் போடக்கூட ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். அந்தச் சிலையின் தலையை ஒருவர் வெட்டியிருக்கிறார். வெட்டிய பிறகுதான் அது பெயர் மாறியிருக்கிறது. வெட்டியவர் மறந்துபோகலாம், பெயரில் அந்த வெட்டு அப்படியே நிற்கிறது. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசர், ஒட்டப்பட்ட சாதிப் பெயரைக் கிழித்து, அடியில் வேறொரு பெயர் இருந்தது என்று காட்டுவதற்கே வாழ்நாளைச் செலவழித்தார். அவருடைய சொல்லாராய்ச்சிகள் பலவற்றை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அவரிடம் போய் 'ஐயா, எல்லாப் பெயரும் கானல்தானே' என்று சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. பெயரை ஒட்டியவன் பெயர்கள் வெறுமை என்று சொல்வதற்கும், ஒட்டப்பட்டவன் சொல்வதற்கும் நடுவில் ஒரு லாக்கர் திறந்து கிடக்கிறது. பிஸ்கட், தைலம், ரசீதுகள்.

*

கேமராவுக்குத் தப்பாகப் பார்த்தால் திருத்தம் உண்டு. தள்ளிய கையுறையை எடுத்து மனிதர் ஒருவர் பார்ப்பார். சந்தேகம் தீரவில்லையென்றால் 1000 மில்லி தண்ணீரை உள்ளே ஊற்றித் தொங்கவிடுவோம். ஒழுகினால் ஓட்டை, ஒழுகாவிட்டால் இல்லை. கேமரா தப்பு என்றால் அந்தப் படத்தை அதற்கே திரும்பக் கொடுத்து, இது கறை இல்லை நிழல் என்று மறுபடி கற்றுக்கொடுப்பேன். ஆயிரக்கணக்கான படங்கள். அதற்கு முகம் சுளிக்காது.

என்னைத் திருத்தத் தியானம் போதவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றரை வருடமாக உட்காருகிறேன். முன்பைவிட இப்போது மோட்டாருக்கு முன் சத்தம் கேட்கிறது, சில தடவை. நீலச் சட்டை எதிரே வந்தால் உள்ளே ஏதோ ஒன்று சட்டென்று எழுவது தெரிகிறது. முன்பு அது எழுவதே தெரியாது. அங்கிளிடம் இதைச் சொன்னபோது, "நல்லது, அதையும் குறித்துக்கொள்" என்றார். பயிற்சியால் ஒரு சஞ்ஞா எழும், பயிற்சியால் ஒரு சஞ்ஞா அடங்கும் என்ற கருத்து தீக நிகாயத்தின் போட்டபாத சுத்தத்தில் வருகிறது. நம்புகிறேன். ஆனால் மெத்தையில் உட்கார்ந்து நான் சரிசெய்வது என் குறிப்பை. அவருடைய அந்த இரவு அங்கேயே இருக்கிறது.

அதனால் போன மாதம் அவரைத் தேடலாம் என்று முடிவு செய்தேன். ஒழுங்காக, நேரம் எடுத்து, மன்னிப்புக் கேட்க வேண்டும். நேப்பாளத் தொழிலாளர்கள் தங்கும் விடுதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஐந்தாறு வருடமாக இருக்கும் ஒருவர் என்னை உட்காரச் சொல்லித் தேநீர் போட்டுக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். லாக்கர் சம்பவம் அவருக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அவருக்கு வேறு ஷிப்ட், யாரென்று மட்டும் தெரியாது. எனக்கு அந்த மனிதரின் முதல் பெயர் ஞாபகம் இருந்தது, சொன்னேன்.

"அந்தப் பெயரில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருமே ஊருக்குப் போய்விட்டார்கள். நம்பர் எல்லாம் என்னிடம் இருக்கிறது. இதில் யார்?" என்று ஃபோனை எடுத்தபடி கேட்டார். "உயரமானவரா? புருவத்தில் தழும்பு இருப்பவரா? இல்லை, பல் ஒன்று உடைந்திருக்குமே, அவரா?"

நான் யோசித்தேன். லாக்கருக்குள் இருந்தது ஒவ்வொன்றும் தெரிந்தது. ரப்பர் பேண்டின் பச்சை நிறம்கூடத் தெரிந்தது. கட்டியிருந்த கைகள் தெரிந்தன.

"நீலச் சட்டை போட்டிருந்தார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஃபோனில் மூன்று படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தேநீர் ஆறிப்போயிருந்தது. மூன்று நம்பரையும் எழுதித் தரச் சொன்னேன்.